அறிவும் அருளும்: நீரிழிவு ஆய்வில் விலங்குகளின் பங்கு

(பத்தாம் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



பத்தாண்டுகளாகக் கவிதையைப் பேசிவந்த ஓர் அவையில் நாயும் முயலும் சுண்டெலியும் உரைப்பொருளாவது ஏன் என்னும் வினா எழுவது இயல்பே. விடை தொலைவில் இல்லை. இவ்வவையில் சர்க்கரையில்லாக் காப்பி கேட்போர் எத்தனை பேர் என்பதை இடைவேளையில் பரிமாறுவோர் அறிவர். அவர்கள் உண்ணும் மாத்திரைக்கும் ஏற்றிக்கொள்ளும் ஊசிக்கும் பின்னால் விலங்குகளின் வரலாறு ஒன்று உண்டு. அவ்வரலாறு பெரும்பாலும் பேசப்படுவதில்லை. விலங்கின் உடலிலிருந்து மனிதன் கற்றது என்ன? கற்றதெல்லாம் மனிதனுக்கும் மெய்யா? அதற்கீடாக அவன் ஏற்கவேண்டிய கடப்பாடு என்ன? இம்மூன்று வினாக்களே இவ்வுரையின் எல்லை.

சொல்லிலிருந்து தொடங்குவது தமிழவைக்குப் பொருந்தும். நீரிழிவு என்பதில் இழிதல் என்பதற்கு இறங்கி ஒழுகுதல் என்று பொருள். மலையினின்று அருவி இழிவதுபோல உடலினின்று நீர் இழிகிறது. கிரேக்க மொழியில் இந்நோய்க்கு அமைந்த பெயருக்கும் ஊடுருவிக் கடந்து செல்லுதல் என்பதே பொருள். இந்நோயுற்றோரின் சிறுநீரை எறும்பு நாடும் என்பதைப் பண்டை இந்திய மருத்துவ நூலோர் அறிந்திருந்தனர். ஆங்கில மருத்துவர் தாமஸ் வில்லிஸ் 1674-இல் அதன் இனிப்பைக் குறித்தார். அழற்சி என்னும் சொல்லோ அழல் என்னும் வேரினின்று பிறந்தது. இலத்தீன் மொழியிலும் இதற்குரிய சொல் தீயையே அடியாகக் கொண்டது. முதல் நூற்றாண்டு ரோமானியரான செல்சஸ் சிவப்பு, வீக்கம், வெப்பம், வலி என இதன் நான்கு குறிகளை வகுத்தார். காயம்பட்ட இடத்தில் மூளும் இந்தத் தீ காவல் தீ. பணி முடிந்தபின்னும் அவியாமல் உள்ளே கணன்றுகொண்டிருந்தால் அதுவே நோயாகிறது. நீரிழிவுக்கும் அழற்சிக்கும் உறவு உண்டு என்பதை மனிதன் அறிந்தது பெரும்பாலும் சுண்டெலியின் வழியாகத்தான்.

வரலாறு நாயிடமிருந்து தொடங்குகிறது. 1889-இல், அன்று ஜெர்மானிய ஆட்சியிலிருந்த ஸ்ட்ராஸ்பர்க் நகரில், ஆஸ்கர் மின்கோவ்ஸ்கி, ஜோசப் வான் மெரிங் ஆகிய இருவரும் ஒரு நாயின் கணையத்தை அகற்றினர். அந்நாய் ஓயாது சிறுநீர் கழித்தது. அதில் சர்க்கரை இருந்தது. ஈக்கள் மொய்த்ததைக் கண்டே ஐயம் பிறந்ததென்று ஒரு செவிவழிக் கதையும் வழங்குகிறது. கதை எவ்வாறாயினும், நீரிழிவின் ஒரு வேர் கணையத்தில் இருக்கிறது என்பது அன்று தெளிவாயிற்று. கணையத்தினுள் தீவுகள்போலச் சிதறிக்கிடக்கும் அணுத்திரள்களை அதற்கு இருபதாண்டு முன்னரே, 1869-இல், பால் லாங்கர்ஹான்ஸ் என்னும் இளைஞர் கண்டு எழுதியிருந்தார். அத்திட்டுகளின் பணி யாதென அவர் அறிந்திலர்.

அதன்பின் முப்பதாண்டுகள் கடந்து, 1921 மே மாதத்தில், கனடாவின் டொரண்டோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் மெக்லியட் அளித்த ஆய்வுக்கூடத்தில் பிரெடரிக் பேண்டிங் என்னும் அறுவை மருத்துவரும் சார்லஸ் பெஸ்ட் என்னும் மாணவரும் பணியைத் தொடங்கினர். கணையம் அகற்றப்பெற்ற நாய்க்கு வேறொரு நாயின் கணையச் சாற்றைச் செலுத்திப் பார்ப்பதே அவர்தம் முறை. முதற் சில வாரங்களில் பல நாய்கள் அறுவையாலும் தொற்றாலும் மடிந்தன. ஜூலை 30 அன்று 410 என்னும் எண்ணுடைய நாய்க்குச் சாறு செலுத்தப்பட்டபோது அதன் இரத்தச் சர்க்கரை ஒரு மணி நேரத்தில் பெருமளவு இறங்கிற்று. ஆகஸ்ட்டில் 92 என்னும் எண்ணுடைய நாய் ஏறத்தாழ மூன்று வாரம் உயிரோடிருந்தது. அது பேண்டிங்கோடு பழகி அன்பு பாராட்டியது. அதன் சாவு தம்மை எவ்வளவு கலக்கிற்று என்பதை அவர் பின்னாளில் எழுதிவைத்தார். நவம்பரில் தொடங்கிய ஆய்வில் 33 என்னும் எண்ணுடைய நாய், சாற்றின் துணையால் ஏறத்தாழ 70 நாள் வாழ்ந்தது. அந்நாய்க்கு மட்டும் எண்ணோடு ஒரு பெயரும் நிலைத்தது; மார்ஜரி என்பது அப்பெயர்.

1922 ஜனவரி 11 அன்று டொரண்டோ பொது மருத்துவமனையில் லியனார்ட் தாம்சன் என்னும் 14 வயதுச் சிறுவனுக்குச் சாறு முதன்முதலாகச் செலுத்தப்பட்டது. அக்காலத்தில் இந்நோய்க்கு இருந்த வழி உணவைக் குறைத்து நாளை நீட்டிப்பதொன்றே. சிறுவன் எலும்பும் தோலுமாக இருந்தான். முதல் ஊசி போதிய பயன் தரவில்லை. போட்ட இடத்தில் சீழ்க்கட்டி உண்டாயிற்று. சாற்றை ஜேம்ஸ் கோலிப் என்னும் உயிர்வேதியியலார் தூய்மைப்படுத்தித் தந்தபின் ஜனவரி 23 அன்று மீண்டும் செலுத்தினர். சிறுவனின் சர்க்கரை இறங்கியது, உடல் தேறியது. அவன் மேலும் 13 ஆண்டுகள் வாழ்ந்தான். 1923-இல் பேண்டிங், மெக்லியட் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. பேண்டிங் தம் பங்கைப் பெஸ்ட்டுடனும் மெக்லியட் தம் பங்கைக் கோலிப்புடனும் பகிர்ந்துகொண்டனர்.

முயலின் பங்கோ பலரும் அறியாதது. சாற்றின் வலிமையை அளக்கக் கோலிப் முயலைப் பயன்படுத்தினார். மருந்து மிகுந்தால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கி முயல் வலிப்புற்றது. சர்க்கரைக் கரைசல் செலுத்தினால் மீண்டது. 2 கிலோ எடையுள்ள, 24 மணி நேரம் உணவின்றி வைக்கப்பெற்ற முயலின் இரத்தச் சர்க்கரையைக் குறித்த எல்லைவரை இறக்கத் தேவைப்படும் அளவே தொடக்கத்தில் ஓர் அலகு எனப்பட்டது. பின்னர் அவ்வளவு திருத்தப்பட்டது. இன்று முயலின் துணையின்றியே அளக்கப்படுகிறது. எனினும் ஊசிக்குழலில் கோடுகோடாகப் பொறித்திருக்கும் அலகு என்னும் சொல் முயலின் உடலில் பிறந்தது. நாள்தோறும் பத்து அலகு, இருபது அலகு என்று எண்ணுவோர் அறியாமலே அந்த முயலை எண்ணுகின்றனர்.

நாயின் பங்கு நோயின் இருப்பிடத்தைக் காட்டியது. நோய் தோன்றும் வழியைக் காட்டச் சிற்றுயிர்கள் தேவைப்பட்டன. இவற்றை ஆய்வாளர் மாதிரி விலங்குகள் என்பர். மாதிரி என்பது மெய்ப்பொருள் அன்று. அதனோடு ஒருபுடை ஒத்தது. உவமையைக் கையாளும் கவிஞர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை. முகத்தை மதி என்னும்போது ஒளியும் வட்டமும் கொள்ளப்படும். தேய்தலும் களங்கமும் தள்ளப்படும். மாதிரி விலங்கில் எதனைக் கொள்வது, எதனைத் தள்ளுவது என்பதே ஆய்வின் முதன்மையான சிக்கல்.

மாதிரிகள் மூவகையில் கிடைத்தன. முதலாவது, நஞ்சால் ஆக்கப்படுவது. அலோக்சன் என்னும் வேதிப்பொருள் திட்டுகளின் இன்சுலின் சுரக்கும் அணுக்களைக் கொல்லும் என்பது 1943-இலும், ஸ்ட்ரெப்டோசோட்டோசின் என்னும் பொருள் அவ்வாறே செய்யும் என்பது 1963-இலும் வெளியாயின. இரண்டாவது, பிறவியில் அமைவது. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்து பார் ஹார்பர் ஊரிலுள்ள ஜாக்சன் ஆய்வுக்கூடத்தில் 1949-இல் அளவிறந்து பருக்கும் ஒரு சுண்டெலி இனம் தற்செயலாகத் தோன்றியது. 1966-இல் பருமனோடு கடும் நீரிழிவும் உடைய மற்றோர் இனம் அறிவிக்கப்பட்டது. மூன்றாவது, தன்னுடலைத் தானே பகையாகக் கருதும் இனம். 1980-இல் ஜப்பானியர் அறிவித்த ஒருவகைச் சுண்டெலியில் காவல் அணுக்கள் திட்டுகளுக்குள் புகுந்து அழற்சியை மூட்டி இன்சுலின் அணுக்களை அழிக்கின்றன. சிறுவயதில் பெரிதும் தோன்றும் முதல்வகை நீரிழிவுக்கு இது மாதிரியாயிற்று.

பருத்த சுண்டெலியிடம் டக்ளஸ் கோல்மன் என்னும் அறிஞர் செய்த ஆய்வைக் கேட்போர் மனம் நடுங்கும். அவர் இரு சுண்டெலிகளின் உடலைப் பக்கவாட்டில் இணைத்துத் தைத்து, ஒன்றன் குருதி மற்றொன்றில் ஓடச் செய்தார். 1949-இன் பருத்த இனத்தை இயல்பான சுண்டெலியோடு இணைத்தபோது பருத்தது உண்பதைக் குறைத்தது. நீரிழிவுடைய இனத்தோடு இணைத்தபோதோ இயல்பானது உண்ணாமலே மடிந்தது. ஒன்றில் போதும் என்னும் செய்தி பிறக்கவில்லை. மற்றதில் செய்தி நிரம்பப் பிறந்தும் கேட்கும் செவி இல்லை என்று கோல்மன் ஊகித்தார். 1994-இல் ஜெப்ரி பிரீட்மன் குழுவினர் அச்செய்தியைக் கண்டறிந்தனர். லெப்டின் என்பது அதன் பெயர். உலகம் பருமனுக்கு மருந்து கிடைத்ததாக மகிழ்ந்தது. ஆனால் பருத்த மனிதரில் பெரும்பாலோர்க்கு லெப்டின் குறைவாக இல்லை, மிகையாகவே இருந்தது. பிறவியில் லெப்டின் அற்ற மிகச் சிலர்க்கு மட்டும் அம்மருந்து பெருவாழ்வு தந்தது. சுண்டெலி சொன்னது பொய்யன்று. மனிதர் கேட்ட அளவுக்கு அது சொல்லவில்லை.

இனி அழற்சிக்கு வரலாம். 1876-இலேயே வில்ஹெல்ம் எப்ஸ்டைன் என்னும் ஜெர்மானிய மருத்துவர், மூட்டுவலிக்கு வழங்கும் சாலிசிலேட் மருந்து சிறுநீரில் சர்க்கரையைக் குறைப்பதைக் கண்டிருந்தார். ஆஸ்பிரினும் இக்குடும்பத்தைச் சார்ந்ததே. காரணம் விளங்காமையால் அக்குறிப்பு நெடுங்காலம் உறங்கிற்று. 1993-இல் கோக்கான் ஹோத்தமிஸ்லிகில், புரூஸ் ஸ்பீகல்மன் முதலியோர் ஒரு புதுச்செய்தியை வெளியிட்டனர். பருத்த எலியினங்களின் கொழுப்புத் திசுவில் அழற்சியை மூட்டும் டி.என்.எஃப். ஆல்ஃபா என்னும் புரதம் மிகையாக உள்ளது. அதைத் தடுத்தால் உடல் இன்சுலினுக்கு மீண்டும் செவிசாய்க்கிறது என்பதே அது. 2003-இல் வேறு குழுவினர், கொழுப்புத் திசுவில் குடியேறும் விழுங்கணுக்களைக் கண்டனர். மெலிந்த சுண்டெலியின் கொழுப்பில் நூற்றுக்குப் பத்துக்கும் குறைவாக இருந்த அவ்வணுக்கள் மிகப் பருத்ததில் பாதிக்கும் மேலாக இருந்தன. கொழுப்பு வெறும் சேமக்கிடங்கு அன்று, கணலும் அடுப்பு என்பது தெளிவாயிற்று. 2001-இல் பாஸ்டன் நகரின் ஸ்டீவன் ஷோல்சன் குழுவினர், சாலிசிலேட் அழற்சிப் பாதையின் ஒரு நொதியைத் தடுத்துப் பருத்த எலிகளின் சர்க்கரையைச் சீராக்குவதைக் காட்டினர். எப்ஸ்டைன் கண்டதற்கு 125 ஆண்டுகள் கழித்து விளக்கம் கிடைத்தது.

மனிதரில் நிகழ்ந்தது என்ன? டி.என்.எஃப். புரதத்தைத் தடுக்கும் எதிர்ப்பொருளை இரண்டாம்வகை நீரிழிவினர்க்குச் செலுத்திப் பார்த்த ஆய்வு 1996-இல் வெளியாயிற்று. இன்சுலினை ஏற்கும் தன்மையில் மாற்றம் காணவில்லை. சாலிசிலேட் குடும்பத்துச் சால்சலேட்டை 286 பேரிடம் 48 வாரம் சோதித்தனர். 2013-இல் வெளியான அதன் முடிவின்படி, சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்.பி.ஏ.1சி அளவு வெற்று மாத்திரையை உண்டோரைவிட 0.37 விழுக்காட்டுப் புள்ளி குறைந்தது. பயன் உண்டு, ஆயினும் சிறிது. கெட்ட கொழுப்பும் சிறுநீரில் புரதமும் சற்று ஏறின. இன்டர்லூகின்-1 என்னும் மற்றோர் அழற்சித் தூதைத் தடுக்கும் அனகின்ரா, 70 பேரிடம் 13 வாரத்தில் 0.46 புள்ளி குறைத்ததாக 2007-இல் அறியவந்தது. அதே தூதின் ஒரு வடிவைத் தடுக்கும் கனகினுமாப் 10,061 இதய நோயாளரிடம் சோதிக்கப்பட்டு, மாரடைப்பு முதலியவற்றைக் குறைத்தது. புதிதாக நீரிழிவு தோன்றுவதையோ தடுக்கவில்லை.

முதல்வகை நீரிழிவிலும் இக்கதையே. ஜப்பானியச் சுண்டெலியில் நோயைத் தடுக்க நூற்றுக்கும் மேற்பட்ட வழிகள் வெற்றிபெற்றன. மனிதரில் மிகப்பல தோற்றன. எனினும் ஒரு வெற்றி உண்டு. 1994-இல் பாரிஸ் நகரின் லூசியன் ஷாத்தனூ அம்மையார் குழுவினர், சிடி3 என்னும் அடையாளத்தைக் குறிவைக்கும் எதிர்ப்பொருளால் நோய் தோன்றிய சுண்டெலிகளையே மீட்டனர். அந்நெறியில் வந்த டெப்லிசுமாப் மருந்தை நோய் வரும் தறுவாயிலிருந்த 76 உறவினர்க்கு அளித்த ஆய்வு 2019-இல் வெளியாயிற்று. மருந்து பெற்றோர்க்கு நோய் தோன்றுதல் நடுக்கணக்கில் ஈராண்டு தள்ளிப்போயிற்று. 2022 நவம்பரில் அமெரிக்கா அதற்கு இசைவளித்தது. ஒரு குழந்தை ஊசியின்றி ஈராண்டு பள்ளி செல்வது அந்தக் குழந்தையின் தாய்க்குச் சிறிய செய்தி அன்று.

மாதிரி ஏன் பிழைக்கிறது? சுண்டெலி பகலில் உறங்கி இரவில் மேயும் உயிர். ஏறக்குறைய 30 பாகை வெப்பமே அதற்கு உகந்தது. ஆய்வுக்கூடத்திலோ 22 பாகையில் வாழ்கிறது. குளிர்தாங்க அது எரிக்கும் ஆற்றல் கணக்கை மாற்றுகிறது. அதன் திட்டில் இன்சுலின் அணுக்கள் நடுவிலும் ஏனையவை ஓரத்திலும் அமைந்துள்ளன. மனிதத் திட்டில் அவை கலந்துள்ளன. மனிதர்க்கு நாற்பது ஆண்டில் முதிரும் நோயைச் சுண்டெலி சில மாதங்களில் காட்டவேண்டும். ஒரே குருதியில் வந்த, ஒரே உணவு உண்ணும் உயிர்களிடம் கிடைத்த விடை, பலவகைப்பட்ட மனிதர்க்கு அப்படியே பொருந்தும் என எதிர்பார்ப்பது மிகையே. நல்ல ஆய்வாளர் இதனை அறிவர். செய்தியாக்குவோர்தாம் மறக்கின்றனர்.

இங்கே எழுதுகோல் ஏந்துவோரின் பொறுப்பு தொடங்குகிறது. தமிழில் சர்க்கரைக்கொல்லி என வழங்கும் சிறுகுறிஞ்சானின் சாறு, ஸ்ட்ரெப்டோசோட்டோசின் ஊட்டப்பெற்ற எலிகளின் திட்டுகளை மீண்டும் வளர்க்கக்கூடும் எனச் சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியலார் 1990-இல் எழுதினர். கூடும் என்னும் சொல்லை அவர்கள் எண்ணியே இட்டனர். இத்தகைய ஆய்வுகள் தமிழ்நாட்டில் பல நடந்துள்ளன. அவை மதிக்கத்தக்கவை, தொடரவேண்டியவை. ஆனால் மாத இதழின் ஒரு மூலையில் அவை ஏறும்போது கூடும் என்பது குணமாகும் என்றாகிவிடுகிறது. எலி என்னும் சொல் மறைந்து நோயாளி என்னும் சொல் நிற்கிறது. அந்த எலிக்கு நோய் நஞ்சால் வந்தது. மனிதக் குழந்தைக்குத் தன் காவல் அணுக்களால் வந்தது. அவ்வரியை நம்பி முதல்வகை நீரிழிவுள்ள குழந்தையின் இன்சுலினை நிறுத்தினால், சில நாட்களிலேயே உயிர் போகும். ஒரு விகுதியின் பிழைக்கு ஓர் உயிர் விலையாகும் இடம் இது. இலக்கணம் கற்றோர் காவல் நிற்கவேண்டிய இடமும் இதுவே.

மூன்றாம் வினா எஞ்சுகிறது. புறாவின் எடைக்குத் தன் தசையை அரிந்து வைத்த சிபியின் கதை தமிழர்க்குப் பழகியது. ஆய்வுக்கூடத்தில் துலாக்கோல் மறுபுறம் சாய்கிறது. மன்னனுக்காகப் புறா அரியப்படுகிறது. இதனைத் தவறென்று ஒரே சொல்லில் ஒதுக்குவோர் லியனார்ட் தாம்சனின் தாய்க்கு விடை சொல்லவேண்டும். சரியென்று ஒரே சொல்லில் முடிப்போர் 92-ஆம் எண் நாய்க்கு விடை சொல்லவேண்டும். இருவர்க்கும் விடைசொல்ல முயல்வதே நெறி.

அம்முயற்சியில் முன்னின்றோருள் தமிழ்நாட்டுக் கலைஞர் ஒருவர் உண்டு. கலாக்ஷேத்திரத்தை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல் 1952-இல் மாநிலங்களவை உறுப்பினராக நியமிக்கப்பெற்றார். விலங்குவதைத் தடுப்புக்கெனத் தனிநபர் மசோதா ஒன்றை அவையில் கொண்டுவந்தார். அம்முயற்சியின் தொடர்ச்சியாக அரசே முன்வந்து 1960-இல் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தை இயற்றியது. 1962-இல் அமைந்த விலங்குநல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. அச்சட்டம் ஆய்வை ஒழிக்கவில்லை. அறிவு வளர்ச்சிக்கும் உயிர் காக்கவும் நடைபெறும் ஆய்வை ஏற்று, தேவையற்ற துன்பத்தைத் தடுக்கக் குழுவொன்றுக்கு வழி வகுத்தது. நாட்டிய மேடையில் மானின் மருட்சியை அபிநயித்தவர் அந்த மருட்சிக்கு நாட்டின் சட்டத்தில் இடம் பெற்றுத்தந்தார். கலைஞனால் ஆவதென்ன என வினவுவோர்க்கு இதனினும் சிறந்த விடை இல்லை.

சட்டம் வந்ததற்கு ஓராண்டு முன்னர், 1959-இல், பிரிட்டனில் ரசலும் பர்ச்சும் மூன்று நெறிகளை வகுத்தனர். விலங்குக்கு மாற்று இருப்பின் மாற்றுக. எண்ணிக்கையைக் குறைக்க இயலுமாயின் குறைக்க. துன்பம் தணியுமாறு முறையைச் செம்மை செய்க. இவை அருளுக்கு மட்டுமன்றி அறிவுக்கும் உரிய நெறிகள். குலுக்கல் முறையில் பிரிக்காமலும், மருந்து எதற்கு என்பதை மறைக்காமலும், போதிய எண்ணிக்கையின்றியும் செய்யும் ஆய்வில் விலங்கும் மடிகிறது, உண்மையும் கிடைப்பதில்லை. செய்ததை முழுதும் எழுதுக என்னும் நெறிமுறைகள் 2010-இல் பிரிட்டனில் வெளியிடப்பெற்றன. 1982 முதல் நுண்ணுயிர் வழியாக மனித இன்சுலினே உருவாக்கப்பட்டதால் மாடு, பன்றிகளின் கணையத்தை நம்பும் நிலை பெரிதும் மாறிற்று. மனிதக் குருத்தணுக்களிலிருந்து திட்டுகளை வளர்க்கும் முறை இன்று உண்டு. புதிய மருந்துக்கு விலங்குச் சோதனை கட்டாயம் என்னும் விதியை அமெரிக்கா 2022 டிசம்பரில் தளர்த்தியது. இந்தியாவும் 2023-இல் தன் விதிகளில் பிற முறைகளுக்கு இடமளித்தது. எனினும் பல உறுப்புகள் கூடி நிகழ்த்தும் நோயை முழுதும் காட்டும் கருவி இன்னும் உருவாகவில்லை. ஆகவே கடன் தொடர்கிறது.

கடனை ஒப்புக்கொள்வோரும் உலகில் உளர். ஜப்பானிய ஆய்வு நிறுவனங்களில் மடிந்த விலங்குகளுக்கு ஆண்டுதோறும் நினைவுச் சடங்கு நடத்தும் வழக்கம் உண்டு. ரஷ்யாவின் நோவோசிபிர்ஸ்க் நகரில் 2013-இல் ஆய்வுச் சுண்டெலிக்குச் சிலை எழுப்பினர். மூக்குக்கண்ணாடி அணிந்த ஒரு சுண்டெலி அமர்ந்து மரபிழையைப் பின்னுவதாக அச்சிலை அமைந்துள்ளது.

போரில் வீழ்ந்தோர்க்கு நடுகல் நாட்டிப் பெயரும் பீடும் எழுதியது தமிழர் மரபு. ஆய்வில் வீழ்ந்த உயிர்களுக்குப் பெயரில்லை; எண் மட்டுமே உண்டு. அவற்றால் மனிதன் பெற்றதை மிகையின்றியும் குறையின்றியும் எழுதுவதே அவற்றுக்குச் செய்யும் சிறப்பு. சுண்டெலி காட்டியதைச் சுண்டெலி காட்டியது என்றே எழுதுதல் அறிவு. அது வலியோடு காட்டியது என்பதையும் சேர்த்து எழுதுதல் அருள். அடுத்த பத்தாண்டில் இவ்வட்டத்துக் கவிஞர்களின் பார்வை அந்தக் கூண்டுகளின் பக்கமும் ஒருமுறை திரும்புமாயின் இவ்வுரை பயன்பெற்றதாகும்.